ஜெனரல் பேச்ச கேட்டிருந்தா ஜெயிச்சிருப்பாங்களா?

கேட்டிருக்கற கேள்வி இதுதான்: "போர் எப்படி நடத்தணும்னு தெரிஞ்சவங்க ஜெனரல்கள்தான், அரசியல்வாதிங்க நடுவுல மூக்க நுழைச்சு ஹிட்லர்லேர்ந்து வியட்நாம் வரைக்கும், நம்ம 1962 உட்பட எல்லாத்தையும் கெடுத்தாங்க, ஆர்மிகிட்டயே விட்டிருந்தா கதையே வேற மாதிரி இருந்திருக்கும்ல?"

பாதி உண்மை. ஆனா அந்த பாதிய உங்ககிட்ட சொன்னது யாருன்னு மொதல்ல பாக்கணும். காலேஜ் படிக்கறப்போ நானும் இத அப்படியே நம்பினவன்தான், ஏன்னா கைக்கு கிடைச்ச புக்கெல்லாம் ரிட்டயர்டு ஜெனரல்ங்க எழுதினது. தோத்த போர பத்தி ஒரு ஜெனரல் எழுதினா "நான் அப்பவே தலபாடா அடிச்சுக்கிட்டேன், மேல இருக்கறவன் கேக்கல"ன்னு இருக்கும், ஜெயிச்ச போர பத்தி எழுதினா மேல ஒருத்தன் இருந்தான்றதே மறந்து போயிருக்கும்.

ஹிட்லர் கேஸ் இதுக்கு செம உதாரணம். போர் முடிஞ்சதும் ஜெர்மன் ஆர்மியோட பழைய சீஃப் ஆஃப் ஸ்டாஃப் ஃபிரான்ஸ் ஹால்டர், அமெரிக்க ராணுவத்தோட வரலாற்றுப் பிரிவுக்காக வருஷக்கணக்கா வேலை பாத்தார். தோத்தவன் ஜெயிச்சவன் ஆபீஸ்ல உக்காந்து வரலாறு எழுத உதவி பண்ணா எப்படி இருக்கும், நல்ல பிளான் எல்லாம் எங்களுது, சொதப்பல் எல்லாம் அந்த செத்துப்போன ஆளுது. செத்தவன் எழுந்து வந்து மறுப்பு அறிக்கை விடப்போறதில்லல்ல. 1940 மே 24, பிரான்ஸ் கடற்கரைல பிரிட்டிஷ் படை மாட்டிக்கிட்டிருந்த டன்கிர்க் பக்கத்துல டாங்கிகள நிறுத்தினது ஹிட்லரோட முட்டாள்தனம்னு தான் நாம எல்லாரும் படிச்சிருக்கோம், ஆனா நிறுத்தலாம்னு மொதல்ல முடிவு பண்ணது ஆர்மி குரூப் ஏ தளபதி ருண்ட்ஷ்டெட், ஹிட்லர் வந்து அதுக்கு சரின்னு முத்திரை குத்தினார், அவ்ளோதான்.

இன்னும் சிக்கலான விஷயம் 1941 டிசம்பர். மாஸ்கோ வாசல்ல பனில மாட்டிக்கிட்டப்போ பல தளபதிங்க பின்வாங்கிடலாம்னு சொன்னாங்க, ஹிட்லர் ஒரு அடி நகரக்கூடாதுன்னுட்டார். அந்த ஒரு தடவ அவர் சொன்னதுதான் மொத்த ஆர்மியும் சிதறாம காப்பாத்துச்சுன்னு சில ஜெர்மன் ஜெனரல்களே பின்னாடி ஒத்துக்கிட்டாங்க. வினையே அங்கதான் ஆரம்பிச்சுது. டிசம்பர் 19 ஆர்மி கமாண்டர் பிரௌஹிட்ச்ச வீட்டுக்கு அனுப்பிட்டு அந்த நாற்காலில தானே உக்காந்தார், 1942 செப்டம்பர்ல ஹால்டரும் போயாச்சு, அதுக்கப்புறம் அந்த ரூம்ல அவர எதிர்த்து பேசி நிறுத்தற ஆளே கிடையாது. ஸ்டாலின்கிராட்ல சிக்கின ஆறாவது ஆர்மிய உடைச்சுக்கிட்டு வெளிய வர விடல, விமானத்துலயே சாப்பாடு குண்டு எல்லாம் போட்டுடலாம்னு விமானப்படைத் தலைவர் கோரிங் வாக்கு கொடுத்தார், நாளைக்கு குறைஞ்சது 300 டன் வேணும்ன்ற இடத்துல போய் சேந்தது சராசரியா 100 டன் சொச்சம். 1943 பிப்ரவரில சரணடைஞ்சவங்க கிட்டத்தட்ட 91,000 பேர்.

எதிர்ல ஸ்டாலின் என்ன பண்ணார்னு பாத்தா இன்னும் நல்லா புரியும், ஏன்னா ஆரம்பத்துல அவர் ஹிட்லர விட மோசம். 1941 ஜூலை 29, சீஃப் ஆஃப் ஜெனரல் ஸ்டாஃப் ஜுகோவ் போய் கீவ் நகரத்த விட்டுட்டு படைய ஆத்துக்கு இந்தப் பக்கம் இழுத்துடணும்னு சொல்றார், ஸ்டாலின் என்ன உளறல்னு கத்தறார், உளற மட்டும்தான் எனக்கு தெரியும்னு நீங்க நெனச்சா என்ன இந்த வேலைலேர்ந்து எடுத்துட்டு போர்முனைக்கு அனுப்பிடுங்கன்னு இவர் சொல்றார், அப்படியே ஆச்சு, எடுத்துட்டாங்க. (இதுவும் ஜுகோவே பின்னாடி எழுதினதுதான், அதனால ஜெனரல்ங்க எழுதற புக்க பத்தி மேல சொன்ன சந்தேகத்த இதுலயும் கொஞ்சம் வெச்சுக்குங்க. பதவி போனது மட்டும் சந்தேகமில்லாத விஷயம்.) செப்டம்பர்ல கீவ சுத்தி வளைச்சாச்சு, ஜெர்மன் கணக்குப்படி கைதிங்க மட்டும் 6 லட்சத்துக்கு மேல. ஆனா அதே ஸ்டாலின் 1943 வசந்தத்துல, ரஷ்யாவுல குர்ஸ்க்ன்ற ஊர் பக்கம் நடக்கப்போற சண்டை விஷயத்துல, நாம மொதல்ல அடிக்க வேணாம், அவன் வந்து நம்ம தடுப்புல மோதி களைக்கட்டும் அப்புறம் அடிக்கலாம்னு அதே ஜுகோவ் சொன்னப்போ, கை பரபரன்னு இருந்தும் ஒத்துக்கிட்டு ஜூலை வரைக்கும் காத்திருந்தார். அந்த ஆளு நல்லவனா மாறல, கொடுமையும் குறையல, ஆனா யார் சொன்னா காது கொடுக்கணும்னு ரெண்டு வருஷத்துல கத்துக்கிட்டார், ஹிட்லர் அதே ரெண்டு வருஷத்துல நேர் எதிர் திசைல போனார்.

சரி, உங்க கேள்வியோட இன்னொரு பாதிக்கு வருவோம். ஜெனரல்கிட்ட முழுசா விட்டுட்டா? விட்டுப் பாத்திருக்காங்க. முதல் உலகப்போர்ல ஜெர்மனி. 1916 கடைசிலேர்ந்து ஹிண்டன்பர்க், லூடன்டார்ஃப்னு ரெண்டு தளபதிங்க கைலதான் நாடே இருந்துச்சு, பேரரசர் கைசர் சும்மா கையெழுத்து போடற ஆளு. கடற்படைத் தலைமை அதிகாரி ஹோல்ட்சன்டார்ஃப் ஒரு கணக்கு போட்டு கொண்டு வந்தார். நீர்மூழ்கிய கட்டுப்பாடில்லாம அவிழ்த்து விட்டா, அதாவது நடுநிலை நாட்டுக் கப்பலா இருந்தாலும் எச்சரிக்கை இல்லாம அடிச்சா, மாசம் 6 லட்சம் டன் கப்பல் மூழ்கும், இங்கிலாந்து அஞ்சே மாசத்துல கைய தூக்கிடும். சான்சலர், அதாவது பிரதமர் மாதிரி, பெத்மன் ஹோல்வெக் அரசியல்வாதி, அவருக்கு ஒரே பயம், இப்படி பண்ணா அமெரிக்கா உள்ள வந்துடுமேன்னு. 1917 ஜனவரி 9 பிளெஸ் மாளிகைல மீட்டிங். ஒரு அமெரிக்கன் கூட ஐரோப்பிய மண்ணுல கால் வெக்க மாட்டான், அதிகாரியா என் வாக்கு இதுன்னு ஹோல்ட்சன்டார்ஃப் சொன்னார். பெத்மன் கடைசில, ராணுவம் இது அவசியம்னு சொல்றப்போ நான் எப்படி மறுக்கறதுன்னு ஒதுங்கிட்டார்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச, பிடிச்சன்னு சொல்லக்கூடாது, உறுத்தற விஷயம் என்னன்னா கணக்கு தப்பில்ல! ஏப்ரல்ல மூழ்கினது 8 லட்சம் டன்னுக்கும் மேல. அவங்க கேட்டத விட அதிகமாவே கிடைச்சுது. ஆனா இங்கிலாந்து விழல, கப்பல்கள கூட்டமா சேத்து காவலோட அனுப்ப ஆரம்பிச்சாங்க, ரேஷன இறுக்கினாங்க, அமெரிக்கா ஏப்ரல் 6 போர் அறிவிச்சுது, 1918 நவம்பர்ல பாத்தா பிரான்ஸ் மண்ணுல நிக்கற அமெரிக்க சிப்பாய் கிட்டத்தட்ட 20 லட்சம். பெத்மன் பாவம் 1917 ஜூலைலயே வெளிய தள்ளப்பட்டுட்டார், தள்ளினதும் அதே ஜெனரல்கள்தான். டன்ன சரியா எண்ணினாங்க, அந்தப் பக்கம் இருக்கற மனுஷன் என்ன பண்ணுவான்றது டன்னுல வராது, அத எண்றது பெத்மனோட வேலை, அவர்தான் வாய மூடிக்கிட்டார்.

அரசியல்வாதி சொன்னது சரியா இருந்து ஜெனரல் தப்பா இருந்ததுக்கு அமெரிக்க உள்நாட்டுப் போர்ல நடந்த லிங்கன் மெக்லெல்லன் கதை. வடக்குப் படைத் தளபதி ஜார்ஜ் மெக்லெல்லன் படைய உருவாக்கறதுல கில்லாடி, சிப்பாய்ங்களுக்கு அவர்னா உயிர், ஆனா எதிரி எண்ணிக்கைய எப்பவும் ரெண்டு மடங்கா பாக்கற வியாதி. 1861 நவம்பர்ல ஒரு ராத்திரி ஜனாதிபதி லிங்கன், வெளியுறவு அமைச்சரோட இவர் வீட்டுக்கே போய் ஹால்ல காத்திருக்கார், கல்யாணத்துக்கு போயிருந்த மெக்லெல்லன் திரும்பி வந்து, ஜனாதிபதி வந்திருக்கார்னு வேலையாள் சொல்லியும் நேரா மாடிக்கு போயிட்டார். இன்னும் அரை மணி நேரம் பாத்துட்டு திரும்ப ஆள் அனுப்பினா, ஐயா தூங்கப் போயிட்டாங்கன்னு பதில். கூட வந்தவங்களுக்கு ரத்தம் கொதிக்குது, லிங்கன் மரியாதை பாக்கற நேரம் இல்ல இதுன்னு கெளம்பிட்டார். ஒரு வருஷம் கழிச்சு, 1862 செப்டம்பர் 17 ஆன்டீடம்ல ஒரே நாள்ல ரெண்டு பக்கமும் சேத்து கிட்டத்தட்ட 23,000 பேர் செத்தும் காயமாயும் காணாமயும் போய், தெற்குப் படைத் தளபதி லீ பின்வாங்கறான், மெக்லெல்லன் கைல இன்னும் சண்டையே போடாத படை மிச்சம் இருக்கு, துரத்தல. ஒரு மாசத்துக்கு மேல அங்கயே. கேட்டா குதிரைங்க களைச்சு போச்சு, நாக்குல புண்ணுன்னு தகவல். லிங்கன் அடிச்ச தந்தி உலகப்புகழ்: ஆன்டீடம் சண்டைக்கு அப்புறம் உங்க குதிரைங்க எதையாவது களைக்கற மாதிரி என்ன செஞ்சுதுன்னு கேக்கலாமா, மன்னிக்கணும்னு. நவம்பர்ல தூக்கிட்டார். மெக்லெல்லன் 1864 தேர்தல்ல அவர எதிர்த்தே நின்னு தோத்தார்.

இதுல கவனிக்க வேண்டியது, லிங்கன் போர்க்கலை படிச்ச ஆள் இல்ல, வக்கீல், நூலகத்துலேர்ந்து புக்க வாங்கிட்டு வந்து ராத்திரில படிச்சு தேத்தினவர். ஆனா அவர் கேட்ட கேள்வி எல்லாம் ஏன் நகரலன்றதுதான், இந்த ரெஜிமென்ட்ட இந்த மேட்டுல நிறுத்துன்னு இல்ல. அப்புறம் நல்ல தளபதியா கிராண்ட் கிடைச்சதும் தந்தி ஆபீஸ்ல உக்காந்து எல்லாத்தையும் படிச்சார், ஆனா கைய வெக்கறத பெரும்பாலும் விட்டுட்டார்.

நேர்ல முட்டிக்கிட்டே நல்லா ஓடின ஜோடின்னா ரெண்டாம் உலகப்போர்ல பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில், ராணுவத் தலைமைத் தளபதி ஆலன் புரூக். சர்ச்சிலுக்கு ராத்திரி ஒரு மணிக்கு ஐடியா வரும், சுமத்ரா வடக்கு முனைல இறங்கலாம், நார்வேல இறங்கலாம்னு, புரூக் அங்கயே மூஞ்சிக்கு நேரா முடியாதும்பார், திரும்பி வந்து டைரில திட்டி திட்டி எழுதுவார். நான் மேசைய தட்டி மூஞ்சிய நீட்டினா அந்தாளு என்ன விட வேகமா தட்டி என்னயே மொறைக்கறான்னு சர்ச்சில் புலம்பினதா சொல்லுவாங்க. ஆனா வேவல், ஆக்கின்லெக்னு பாலைவனத் தளபதிங்கள மாத்தி மாத்தி தூக்கின சர்ச்சில் இவர மட்டும் 1941 கடைசிலேர்ந்து போர் முடியற வரைக்கும் வெச்சுக்கிட்டார்.

கொரியா வேற ரகம், அங்க எப்படி அடிக்கறதுன்றத விட எதுக்கு அடிக்கறோம்ன்றதுல தான் தகராறு. 1950 செப்டம்பர்ல இன்சோன் துறைமுகத்துல இறங்கி அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் போர தலைகீழா மாத்திட்டார், அந்த பிளான் வேலைக்கு ஆகாதுன்னு கூட இருந்த மத்த தளபதிங்களே பயந்தாங்க, அதுல அவர் சரி. அந்த மிதப்புல அக்டோபர் 15 வேக் தீவுல ஜனாதிபதி ட்ரூமன பாக்கறார், சீனா வருமான்னு கேட்டதுக்கு வாய்ப்பு ரொம்ப கம்மின்னார். நாலு நாள்ல சீனப்படை எல்லைல இருக்கற யாலு ஆத்த தாண்ட ஆரம்பிச்சாச்சு. அதுக்கப்புறம் சீனாவுக்குள்ளயே குண்டு போடணும், கடல்ல முற்றுகை போடணும், தைவான்ல இருந்த சியாங் கை ஷேக் படைய இறக்கணும்னு கேட்டார், ட்ரூமனுக்கு சோவியத்தோட மூணாவது உலகப்போர் வந்துடக்கூடாதுன்ற கவலை. கருத்து வேறுபாட்டுக்காக அவர தூக்கல, எதிர்க்கட்சித் தலைவர் ஒருத்தருக்கு அவர் எழுதின கடிதத்த 1951 ஏப்ரல் 5 நாடாளுமன்றத்துலயே படிச்சுட்டாங்க, 11ஆம் தேதி வேலை போச்சு. ஜனங்க மெக்கார்தர் பக்கம், ட்ரூமனுக்கு செல்வாக்கு பாதாளத்துல. ஆனா விசாரணைல கூட்டுப் படைத்தலைவர் பிராட்லி வந்து, சீனாவோட போர விரிச்சா அது தப்பான இடத்துல தப்பான நேரத்துல தப்பான எதிரியோட தப்பான போர்னு சொன்னார். அதாவது ஜெனரல் ஒரு பக்கம், அரசியல்வாதி ஒரு பக்கம்னு நாம நினைக்கற சண்டைல பாதி நேரம் ரெண்டு பக்கமும் ஜெனரல் இருக்கான்.

வியட்நாம்ல அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் செவ்வாய்க்கிழமை மத்தியான சாப்பாட்டு மேசைல எங்க குண்டு போடணும்னு டார்கெட் பாத்து பாத்து டிக் அடிச்சார்னு சொல்றது உண்மைதான், அவர் பயந்ததும் கொரியால சீனா வந்த மாதிரி இங்கயும் வந்துடுமேன்னு தான், அந்த பயத்துல தப்பே இல்ல. ஆனா ரொம்ப நாளைக்கு அந்த சாப்பாட்டுக்கு ஒரு ராணுவத் தளபதியக் கூட வழக்கமா கூப்பிடல. அவங்களும் வெளிய நின்னு முணுமுணுத்தாங்களே தவிர ஒருத்தரும் ராஜினாமா பண்ணல.

இப்ப 1962. நேரு தலையிட்டு ஆர்மிய கெடுத்தார்னு ஒரே வரில முடிச்சுடுவாங்க, ஆனா உத்து பாத்தா கதை வேற. 1959ல தளபதி திம்மையா, பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனோட ஒத்துவராம ராஜினாமா கொடுத்தார், நேரு பேசி வாபஸ் வாங்க வெச்சுட்டு அப்புறம் நாடாளுமன்றத்துல அவரயே கண்டிச்சு பேசினார். பாத்துட்டு இருந்த மத்த அதிகாரிங்களுக்கு அதுல என்ன செய்தி போயிருக்கும்? 1962 செப்டம்பர்ல வடகிழக்கு எல்லைல இருக்கற தாக்லா மேட்டுல சீனப்படை இறங்கினப்போ, அந்தப் பகுதி கோர் (பல டிவிஷன் சேந்த பெரிய படை) கமாண்டர் உம்ராவ் சிங், இவ்ளோ ஆள் இவ்ளோ ரேஷன் இவ்ளோ குண்டு வந்து சேந்தாதான் அவங்கள அங்கேர்ந்து தள்ள முடியும்னு லிஸ்ட் போட்டு கொடுத்தார். மறுக்கல, கணக்கு சொன்னார். அவர அந்தப் பொறுப்புலேர்ந்தே விலக்கிட்டு, நாலாவது கோர்னு புதுசா ஒண்ண உண்டாக்கி, போர்க்கள அனுபவம் பெருசா இல்லாத பி.எம். கவுல்கிட்ட கொடுத்தாங்க.

அந்த மேட்டுக்கு கீழ நாம்கா சூ ஆத்தங்கரைல பிரிகேடியர் தால்வியோட ஏழாவது பிரிகேட், சமவெளில போடற பருத்தி யூனிஃபார்மோட, விமானத்துலேர்ந்து போடற மூட்டைல பாதிக்கு மேல பள்ளத்துல உருண்டு போகுது, மேல மேட்டுல எதிரி குனிஞ்சு பாத்துட்டு இருக்கான். அக்டோபர் 10 செங் ஜாங்ல நடந்த மோதல கவுல் தன் கண்ணாலயே பாத்தார், இது முடியாத காரியம்னு அவருக்கே புரிஞ்சுது, டெல்லிக்கு பறந்தார். அங்க கூட்டம் போட்டு பேசி, தாக்குதல் இப்ப வேணாம், ஆனா ஆத்தங்கரைலயே நில்லுங்கன்னு ஒரு நடுவாந்தரமான முடிவு. பின்னாடி நல்ல இடத்துக்கு இழுத்துக்குங்கன்னு சொல்ல யாருக்கும் வாய் வரல. 12ஆம் தேதி நேரு இலங்கைக்கு கெளம்பற வழில விமான நிலையத்துல பத்திரிகைக்காரங்ககிட்ட, நம்ம மண்ண விடுவிக்கச் சொல்லியாச்சு, தேதி நான் சொல்ல முடியாது, அது முழுக்க ராணுவத்தோட முடிவுன்னார். கவனிங்க, ராணுவத்துக்கே விட்டுட்டேன்னு தான் அவர் சொன்னது! கவுல் உடம்பு முடியாம டெல்லில படுக்கைலேர்ந்தே கட்டளை போட்டுட்டு இருந்தார். 20ஆம் தேதி காலைல அடிச்சாங்க, அன்னைக்கே பிரிகேட் முடிஞ்சுது, ரெண்டு நாள்ல தால்வி கைதி.

1971ல ஏப்ரல் மாசமே கிழக்கு பாகிஸ்தானுக்குள்ள போகணும்னு இந்திரா காந்தி சொன்னதாவும், மழை வருது, ஆறெல்லாம் கடலாகிடும், எனக்கு டைம் வேணும், இல்லன்னா ராஜினாமான்னு தளபதி மானெக்‌ஷா சொன்னதாவும் அவரே பல மேடைல சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும், அவர் சொன்னா ரசிக்கும்படியாவும் இருக்கும். அப்போ டெல்லியே உடனடிப் போர்னு முடிவா இல்லன்னு சில வரலாற்று ஆய்வாளர்கள் சொல்றாங்க, எனக்கும் அதுதான் சரின்னு படுது. சண்டைக்கெடா பின்னாடி போற மாதிரி ரெண்டு தரப்பும் சேந்தே பின்னாடி போச்சு, அந்த மாசங்கள்ல ஆர்மி தளவாடம் சேத்துச்சு, அரசியல் பக்கம் ஆகஸ்ட் 9 சோவியத்தோட ஒப்பந்தம் போட்டுச்சு, டிசம்பர் 3 போர் வெடிச்சப்போ ரெண்டும் தயார். 16ஆம் தேதி டாக்கால சரணடைஞ்சாங்க, கைதிங்க 93,000.

1999 கார்கில எடுத்தா நீங்க சொல்ற "கை கட்டின" போர் அதுதான், எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்ட தாண்டக்கூடாதுன்னு ஆர்மிக்கும் விமானப்படைக்கும் வாஜ்பாய் அரசோட தடை. சுத்தி வளைச்சு பின்பக்கம் போயிருந்தா லேசா முடிச்சிருக்கலாம்ன்ற மலைய நேரா கீழேர்ந்து ஏறி பிடிக்க வேண்டி இருந்துச்சு, 527 பேர் உயிர் போச்சு, இத சும்மா சொல்லிட்டு கடந்து போக முடியாது. அதே தடைதான் உலக நாடுங்கள நம்ம பக்கம் நிறுத்துச்சு, ஜூலை 4 வாஷிங்டன்ல கிளின்டன்கிட்ட நவாஸ் ஷெரிஃப் வாபஸுக்கு ஒத்துக்க வேண்டி வந்துச்சு.

தளபதி வி.பி. மாலிக் அந்த தடைய ஏத்துக்கிட்டார், ஆனா பிரதமர் அத வெளில பேசினப்போ அவருக்கு உறுத்துச்சு. நாம தாண்ட மாட்டோம்னு எதிரிக்கு ஏன் சத்தியம் பண்ணி கொடுக்கணும், நாளைக்கு நிலைமை மாறினா அப்ப என்ன பண்றதுன்னு நேரா போய் பேசினதா அவரே சொல்லிருக்கார். அதுக்கப்புறம் தேசிய பாதுகாப்பு ஆலோசகர் பிரஜேஷ் மிஸ்ரா ஒரு டிவி பேட்டில, இன்னைக்கு வரைக்கும் தாண்டறதில்லன்றது நிலைப்பாடு, நாளைக்கு என்னன்னு சொல்ல முடியாதுன்னார். மாலிக் கேட்டது அந்த ஒரு வார்த்தை மாத்தம்தான். தடை அப்படியேதான் இருந்துச்சு, கடைசி வரைக்கும் நீக்கல.